ஈரக் கயிறு

நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டபோது, மாஸ்டர் தானே போய்ப் பிடித்தார்.

வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். கல்லூரி விளையாட்டுத் துறைக்கு அவர்தான் இயக்குநர். கதவில் பெயர்ப்பலகை, மேசையில் முத்திரை, சுற்றிலும் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துப் போயிருந்தது. மைதானத்தில் யாராவது குனிந்து வேலை செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், அவருக்குக் கை ஊறும்.

பக்கத்தில் புது விளையாட்டு அரங்கு எழும்பிக்கொண்டிருந்தது. பழைய ஓடுபாதையைப் பெயர்த்துவிட்டுச் செயற்கைத் தளம் போடப் போகிறார்கள். அதற்கு முன் பழையதை அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டுமாம். இரும்பு நாடாவை நீட்டுவதும், அடையாளம் போடுவதும், மறுபடி நீட்டுவதுமாக இருவரும் ஒரு சுற்று வந்து முடித்தார்கள். மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கையிலேயே கணக்குப் போட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"சுத்து பத்தலையே சார்."

"செங்கல்லை ஒட்டி அளந்தா பத்தாதுதான்," என்றார் மாஸ்டர். "ஓடறவன் கல்லு மேலயா ஓடுவான்? கால் படற இடத்துல அளக்கணும். ஓரடி தள்ளி வாங்க."

ஓரடி தள்ளி அளந்தார்கள். மேஸ்திரி மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார்.

"இப்பவும் குறையுது சார்."

"எவ்வளவு?"

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்து, வாசலில் நின்ற கல்லூரிப் பேருந்தைக் காட்டினார். "அது நீளத்துக்கு."

மாஸ்டர் சிரித்தார். "நாடாவுல கோளாறா இருக்கும்."

"நாடா புதுசு சார். பிரிச்சு ஒரு வாரம்கூட ஆகல." மாஸ்டரின் முகம் ஏன் இப்படிப் போகிறது என்று மேஸ்திரிக்குப் புரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தவர் மாதிரி, "விடுங்க சார், பேக்கப் போறதுதானே? எவ்வளவு இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினார். அது சரசரவென்று பெட்டிக்குள் ஓடி அடைந்தது. மாஸ்டர் மட்டும் குனிந்தபடியே நின்றார். எதிரில் செங்கல் வரிசை வளைந்து போனது. ஒவ்வொரு கல்லும் அவர் கையால் பதித்தது.

அவர் இங்கே வேலைக்கு வந்தபோது மைதானம் என்று ஒன்று இல்லை. கட்டடம் கட்டி மிஞ்சிய ஜல்லியும் முள்ளும் கிடந்த பள்ளம்தான் இருந்தது. கால்பந்தா, ஹாக்கியா, ஓட்டமா, எதைச் சொல்லிக் கொடுக்கத் தன்னை எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, அன்றைய கல்லூரி முதல்வர், "பந்து எந்தப் பக்கம் உருண்டாலும் நீங்கதான். பந்தே இல்லாட்டியும் நீங்கதான்," என்றாராம். மாஸ்டருக்குத் தெரிந்தது கால்பந்தும் கொஞ்சம் குஸ்தியும். ஹாக்கி மட்டையை அவர் முதன்முதலாகத் தொட்டதே அதைச் சொல்லிக் கொடுத்த அன்றுதான். கூடைப்பந்துக்கு வளையம் வாங்க வழியில்லாமல், உடைந்த பீப்பாய்களின் இரும்புப் பட்டையைக் கழற்றி மரத்தில் அடித்தார். தண்ணீர்க் குழாய்தான் கோல் கம்பம். நீளம் தாண்டுகிற குழிக்கு மரமில்லில் இருந்து மரத்தூளை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து வந்து கொட்டினார்.

ஆட்டம் பல. ஆள் ஒரே கூட்டம். கோடையில் ஓடுகிறவனே மழையில் பந்து உதைப்பான், குளிரில் மட்டை பிடிப்பான். சட்டைக்கு ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை. நேராகப் போட்டால் கால்பந்து, திருப்பிப் போட்டால் ஹாக்கி. அவற்றைத் தைத்ததும் அவர் மனைவி, துவைத்ததும் அவள்தான். கொல்லையில் நீளமாக ஒரு நூல் கயிறு கட்டி அத்தனையையும் காயப் போடுவாள். "எனக்கு ஒரு புள்ளைகூட பொறக்கல, ஆனா ஊர்ல எந்தப் பொம்பளையும் இவ்வளவு சட்டை துவைச்சிருக்க மாட்டா," என்று சொல்லிச் சிரிப்பாள். சில நாள் சிரிக்காமலும் சொல்வாள்.

அதெல்லாம் போய், பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனிப் பயிற்சியாளர் வந்தார்கள். சுற்று வட்டாரக் கல்லூரிகளை எல்லாம் கூட்டி மாஸ்டர் ஒரு சங்கம் அமைத்தார். அந்தச் சங்கத்துக்கு விதிகள் எழுதியவரும் அவரே. ஒரு பந்தயத்துக்கு ஒரு கடிகாரம் போதாது, மூன்று பேர் மூன்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று அதைச் சட்டமாக்கினார். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டவர் தரையைச் சந்தேகப்படவில்லை. வெளியிலிருந்து வந்து இங்கே ஓடியவர்கள்கூட, "உங்க மண்ணுல கால் பறக்குது மாஸ்டர்," என்றார்கள். "நானே சலிச்சுப் போட்ட மண்ணுய்யா," என்று அவர் நெஞ்சை நிமிர்த்துவார்.

அந்த மண்ணில் எல்லோரையும்விடப் பறந்தவன் ஒருவன். ஆள் நெட்டை, கால் இரண்டும் குச்சி. கொக்கு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நாலு சுற்று ஓட்டத்தில் அவன் வைத்த ரெக்கார்டு இன்றைக்கும் பழைய விளையாட்டு அரங்கின் மரப்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் முயன்றும் யாராலும் முறியடிக்க முடியவில்லை.

கொக்குவை மாஸ்டர் ஒரே ஒரு தடவைதான் வெளியூர் பெரிய போட்டிக்கு அழைத்துப் போனார். ஒரே தடவையோடு அது முடிந்தது.

நாடா பிடித்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மாஸ்டர் கை தட்டிலேயே கிடந்தது.

"என்னங்க, உப்பு பத்தலையா?" என்றாள் மனைவி.

"நம்ம கொல்லைக் கயிறு ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கயிறு?"

"சட்டை காயப் போடுவியே. டிராக் போடறதுக்கு நான் அவுத்துக்கிட்டுப் போனேனே."

"அதை எப்படி மறப்பேன்? அத்தனை ஈரத் துணியையும் என் தோள்ல போட்டுட்டுல்ல போனீங்க." அவள் சிரித்தாள். "எதுக்கு இப்போ?"

மாஸ்டருக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நல்ல வெயில் காலத்தில் கட்டட மேஸ்திரி ஒருவரின் நாடாவைக் கெஞ்சி வாங்கி, அந்தக் கயிற்றை அளந்து, இடையிடையே சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்து, மறுபடி கொல்லையிலேயே கட்டினார். பள்ளத்தை நிரவி முடிக்கும்முன் மழை பிடித்துக்கொண்டது. போட்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது. கொல்லையில் நனைந்து கிடந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடி, கொட்டுகிற மழையிலேயே சுற்றுப் பிடித்து, முளை அடித்து, கல் பதித்தார். மழை விட்டபிறகு சுண்ணாம்புக் கோடு மட்டும்தான் பாக்கி.

"நனைஞ்சா அந்தக் கயிறு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"விறைச்சுக்கிட்டு மேல ஏறும். மழை நாள்ல கொடி எனக்கு எட்டாது. மோடா போட்டு ஏறித்தான் துணி போடுவேன். நூல் கயிறு நனைஞ்சா சுருங்கத்தானே செய்யும்?"

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குழம்புக் கரண்டியை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"டிராக் குட்டையாப் போச்சு," என்றார் மாஸ்டர். "ஒவ்வொரு சுத்துலயும் ஒரு பஸ் நீளம்."

"ஐயையோ," என்றாள். பிறகு, அவரைத் தேற்றுவதற்காக, "யாருக்கும் அடிபடலையே? விட்டுத் தள்ளுங்க," என்றாள்.

மாஸ்டர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

அடி பட்டது. பட்டது எப்படி என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்த வெளியூர் போட்டிக்கு ரயில்வேயிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நல்ல ஓட்டக்காரன் கிடைத்தால் வேலை தருவதாகப் பேச்சு. கொக்குவின் அப்பா சுமை தூக்குகிறவர், முதுகு போய்ப் படுத்த படுக்கை. ரயில்வே வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே எழுந்து நிற்கும். அது மாஸ்டருக்கும் தெரியும், கொக்குவுக்கும் தெரியும்.

பந்தயம் தொடங்கியது. கோட்டோரம் கடிகாரத்துடன் நின்ற மாஸ்டர், கொக்கு முதல் சுற்றை முடித்தபோது முள்ளைப் பார்த்துத் திடுக்கிட்டார். கல்லூரி மைதானத்தில் ஓடுவதைவிட எவ்வளவோ பிந்தியிருந்தான். "என்னடா இழுக்கற? போடா, போ!" என்று கத்தினார். கொக்கு வேகத்தைக் கூட்டினான். இரண்டாவது சுற்றிலும் முள் பிந்தியே காட்டியது. "செத்தா போயிட்ட? ஓடு!" அவன் இன்னும் கூட்டினான். மூன்றாவதிலும் அதே கத்தல். சுற்று பெரியது, அதனால்தான் முள் பிந்துகிறது என்று யாருக்குத் தெரியும்? தன்னால் முடிந்ததற்கு மேல், மாஸ்டர் குரலை நம்பி, மூச்சை எல்லாம் முன்னாலேயே செலவழித்துவிட்டான் கொக்கு. கடைசித் திருப்பம் தாண்டியதும் கால் சோர்ந்தது. ஒருவன் தாண்டினான், இன்னொருவன் தாண்டினான், மூன்றாவதாகவும் ஒருவன். கொக்கு நாலாவதாக வந்து தரையில் உட்கார்ந்தான்.

அணி முழுக்கச் சுற்றி நிற்க, மாஸ்டர் சொன்னார்: "வேலிக்குள்ளதான்டா நீ வீரன்."

மற்ற பையன்கள் சிரித்தார்கள். ஊர் திரும்பும்போது பேருந்திலேயே 'வேலி வீரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த மாதமே கொக்கு கல்லூரியை விட்டு நின்றான். அப்பா தூக்கிய சுமையை அவன் தூக்கப் போனதாகக் கேள்வி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பந்தயம் முடிந்த கையோடு, மைதான ஓரத்துக் கூடாரத்தில் அந்த ரயில்வே அதிகாரி மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஊர்ல இவ்வளவு வேகமா ஓடியிருக்கான்னு சொல்றாங்க. இங்க ஏன் இப்படி? ஒரு சான்ஸ் குடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். மாஸ்டர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "காலு இருக்கு சார், தைரியம் இல்ல. வெளியே வந்தா நடுங்கிடுவான்," என்றார். வேலை இரண்டாவதாக வந்தவனுக்குப் போயிற்று.

புதுத் தளம் போட்டு முதல் பந்தயம் ஓடிய அன்றே எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். நேற்று வரை பறந்தவர்கள் எல்லாம் திடீரென்று மெதுவாகிவிடுவார்கள். ஏன் என்று கேட்பார்கள். யாராவது மேஸ்திரியிடம் விசாரிப்பார்கள். பலகையில் இருக்கிற ரெக்கார்டெல்லாம் பொய் என்று ஊர் சிரிக்கும். அதைக் கொக்கு வேறு யார் வாயாலோ கேட்கக் கூடாது, தன் வாயால்தான் கேட்க வேண்டும். இப்படி முடிவு பண்ணியபின்னும் கால் எழவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போய், புதுத் தளம் பாதி விரித்து முடித்த பிறகுதான் கிளம்பினார்.

கொக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பதாகத் தெரிந்தது.

உள்ளே நுழைந்ததும் அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. எங்கோ இயந்திரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. தரை முழுக்க ஈரம். நனைந்த சாக்குகளை மிதித்துக்கொண்டு ஆட்கள் இரும்புக் கொக்கியால் பாளம் பாளமாக ஐஸை இழுத்து, சாய்த்த பலகையில் சறுக்கி விட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டையில்லாத ஒரு குட்டையான ஆள் மாஸ்டரைப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"ரெக்கார்டு! உன்னைத் தேடி ஒரு பெரிய மனுஷர் வந்திருக்கார். கடன்காரரா பாரு!"

"என்னை நம்பி எவன்டா கடன் குடுப்பான்?" என்று உள்ளிருந்து பதில் வந்தது. பிறகு ஆள் வந்தான். நெட்டை அப்படியே இருந்தது. தோள் மட்டும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மாஸ்டரைப் பார்த்ததும் கையிலிருந்த கொக்கியைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"மாஸ்டர்! நீங்களா? இங்க ஏன் வந்தீங்க, சொல்லி அனுப்பியிருந்தா நானே ஓடி வந்திருப்பேனே." குட்டையான ஆளைப் பார்த்து, "டேய், இவருதான்டா எங்க மாஸ்டர். நான் சொல்லல?" என்றான்.

"சொல்லாம இருந்தாதானே?" என்றான் அவன். "ஐயா, இவன் பேரு பலகையில இருக்குன்னு தினம் ஒரு தடவையாவது சொல்லலேன்னா இங்க ஐஸே உறையாது. அதான் ரெக்கார்டுன்னே கூப்பிடறோம்."

கொக்கு வெட்கப்பட்டுச் சிரித்தான். ஐஸ் வார்க்கும் நீளமான தகர அச்சு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, தன் துண்டால் துடைத்து, "உக்காருங்க மாஸ்டர்," என்றான். தான் உட்காரவில்லை. டீ வரவழைத்தான். மாஸ்டர் கேட்காமலே வீட்டுக் கதையைச் சொன்னான். அப்பா போய்ச் சேர்ந்தது, கல்யாணம், ஒரே மகள். மகள் இந்த வருஷம் அதே கல்லூரியில் சேரப் போகிறாள்.

"பலகையைப் பார்க்கணும்னு துடிக்கறா மாஸ்டர். ஓட்டம்னா அவளுக்கு ஆகாது, படிப்புதான். ஆனா அப்பா பேரைப் பார்க்கணுமாம். புதுக் கட்டடத்துலயும் அதை மாட்டுவீங்கல்ல?"

மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார்.

தலையும் வாலும் இல்லாமல், மழையிலிருந்து ஆரம்பித்தார். கயிறு, சிவப்புத் துணி, செங்கல், மேஸ்திரி, பேருந்து. கொக்கு முதலில் புரியாமல் கேட்டான். பிறகு அவன் கண் மட்டும் மெல்லச் சுருங்கியது. இயந்திர உறுமலுக்கு மேலே மாஸ்டர் கத்திப் பேச வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கிற விஷயத்தைக் கத்திச் சொல்வது போல ஒரு கொடுமை வேறு கிடையாது.

"நீ மெதுவா ஓடலடா," என்றார் கடைசியில். "அங்க சுத்து பெருசு. முள்ளைப் பார்த்து நான்தான் கத்திக் கத்தி உன்னை முன்னாலயே காலி பண்ணிட்டேன். நீ நடுங்கல."

ஒரு பாளம் பலகையில் சறுக்கி வந்து இடித்து நின்றது. கொக்கு பழக்கத்தில் குனிந்து, கொக்கியால் அதை இழுத்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"கடைசித் திருப்பத்துல எனக்கு ஓட்டம் முடிஞ்சுடுச்சு மாஸ்டர்," என்றான். "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உடம்பு சொல்லுது, அவ்வளவுதான்டா, வந்தாச்சுன்னு. நிமிர்ந்து பார்த்தா கோடு இன்னும் அங்க நிக்குது. யாரோ தூக்கித் தள்ளி வச்ச மாதிரி. பயந்தா அப்படித்தான் தெரியும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"பயமில்லடா அது."

"சரி. பயமில்ல." அவன் தலையை ஆட்டினான். "அப்போ பலகையில இருக்கறது?"

மாஸ்டர் கீழே வைத்த டீயை மறுபடி எடுத்தார்.

"அதுவும் இல்ல," என்று கொக்குவே சொன்னான். "கோழையும் இல்ல, பெரிய ஓட்டக்காரனும் இல்ல. சும்மா ஒரு ஆளு."

"நல்ல ஓட்டக்காரன். அவ்வளவு பெரிய போட்டியில, நான் அப்படிக் கத்தியும், நாலாவதா வந்தே. அது சாதாரணமில்ல."

"இதை அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல மாஸ்டர்?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "ரயில்வேக்காரர் உன்னைப் பத்தி என்கிட்ட கேட்டார். நான்தான்..."

"தெரியும். கூடாரத்துக்குப் பின்னாடி உக்காந்து ஷூ கழட்டிக்கிட்டிருந்தேன். கேட்டுச்சு."

"கேட்டுச்சா? ஒரு வார்த்தை என்னைக் கேக்கக் கூடாதா நீ?"

"என்னன்னு கேக்கறது? என்னைப் பத்தி என்னைவிட உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." கொக்கியின் முனையால் தரையில் ஒட்டியிருந்த ஐஸைச் சுரண்டினான். "அதுக்கப்புறம் எங்கயும் நான் முன்னால போய் நின்னதில்ல மாஸ்டர். இங்க சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டாங்க, வேணாம்னுட்டேன். நாலு பேர் முன்னாடி நிக்கற வேலை நமக்கு ஆகாதுன்னு. பொண்டாட்டி திட்டுவா. அவகிட்ட சொல்லுவேன், எங்க மாஸ்டரே சொல்லியிருக்கார், எனக்கு அது கிடையாதுன்னு. அதுக்குத் தோதாவே எல்லாத்தையும் அமைச்சுக்கிட்டேன். இப்போ வந்து அப்படியெல்லாம் இல்லேன்னு சொன்னா..."

குட்டையான ஆள் தூரத்திலிருந்து கத்தினான். "ரெக்கார்டு! வண்டி நிக்குது! பேசி முடிச்சிட்டியா, இல்ல ஐஸ் தண்ணியாகட்டுமா?"

"வரேன்டா." கொக்கு துண்டை உதறித் தோளில் போட்டான். "பாத்துப் போங்க மாஸ்டர். தரை வழுக்கும்."

மறுநாள் மாஸ்டர் முதல்வர் அறைக்குப் போனார். வேலையே போனாலும் போகட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பழைய ரெக்கார்டுகளை எல்லாம் தள்ள வேண்டும், சங்கத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும், பழி முழுக்கத் தன்னுடையது என்றார்.

முதல்வர் வயதில் இளையவர், நல்ல மனிதர். திறப்பு விழா அழைப்பைத் திருத்திக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துச் சிரித்தார்.

"நீங்க இதுக்காகவா இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க? புதுத் தளம் வந்தா ரெக்கார்டெல்லாம் புதுசாத்தான் ஆரம்பிக்கும் மாஸ்டர், அதுதான் நடைமுறை. பழசையும் புதுசையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கப் போறதில்ல. அந்த மரப்பலகையைப் புது அரங்குல மாட்ட இடமும் இல்ல. போன வாரமே கழட்டிக் கிடங்குல போடச் சொல்லிட்டேன்."

"போன வாரமே?"

"ஆமா. ஏன், வேணுமா?"

மாஸ்டர் எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் தெரிந்திருக்கப் போவதில்லை. யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. முதலில் இந்த அறைக்கு வந்துவிட்டு அப்புறம் ஐஸ் ஃபேக்டரிக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்திருக்கலாம். எப்போதும் போல முள்ளை மட்டும் பார்த்துவிட்டுக் கத்தியாகிவிட்டது.

"வேண்டாம்," என்றார்.

திறப்பு விழா நாளில் வானம் மூடியிருந்தது. மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம். செங்காவி நிறத்தில் புதுத் தளம் பளபளத்தது. வெள்ளைக் கோடுகள் கத்தியால் கீறியது போல இருந்தன. மாஸ்டருக்கு மாலை போட்டார்கள், கல்லூரிக்கு விளையாட்டைக் கொண்டு வந்தவர் என்று மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் அந்தப் பழைய மண்ணைப் பற்றியும் பேசினார். மழையில் நனைந்து தனியாளாய் அவர் போட்ட பாதை என்றார். கை தட்டினார்கள். மாஸ்டர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஈரப் பூ மடியை நனைத்தது.

கூட்டத்தின் கடைசியில், கம்பி வேலியை ஒட்டி, கொக்கு நின்றிருந்தான். துவைத்துத் தேய்த்த சட்டை. பக்கத்தில் அவனைப் போலவே நெட்டையாக ஒரு பெண்.

விழா முடிந்து எல்லோரும் பலகாரம் வைத்த பக்கம் நகர்ந்ததும் மாஸ்டர் அவர்களிடம் போனார்.

"வணக்கம் சார்," என்றாள் மகள். "அப்பா எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசுவார். அரங்குல தேடினேன், பலகையைக் காணோமே சார்?"

மாஸ்டர் கொக்குவைப் பார்த்தார். கொக்கு மைதானத்தைப் பார்த்தான்.

"பழசாப் போச்சும்மா," என்றான் கொக்கு. "பெயிண்டெல்லாம் உதிர்ந்திருக்கும். எடுத்திருப்பாங்க."

"புதுசா எழுத மாட்டாங்களா?"

"எதுக்கு? அதான் உனக்குத் தெரியுமே." மகளின் தோளைத் தட்டினான். "நீ போய் ஏதாவது சாப்பிடு. நான் இதைக் கொஞ்சம் பார்த்துட்டு வரேன்."

மகள் போனாள். கொக்கு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு முடிவுக் கோட்டிலிருந்து உள்பாதையில் இறங்கினான். ஓடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயல் பார்க்கப் போகிறவனைப் போல நடந்தான். மாஸ்டர் முடிவுக் கோட்டருகே நின்று பார்த்தார். சட்டைப் பையில் விசில் இருந்தது. எடுத்து வாயில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

கொக்கு முதல் திருப்பத்தைக் கடந்தான். எதிர்ப்பக்கம் சிறியதாகத் தெரிந்தான். கடைசித் திருப்பத்தில் இறங்கிய தோள் தெரிய, மெல்ல மெல்லப் பெரியதாக வந்தான். மாஸ்டரை நோக்கி நேராக வந்தவன், ஓரிடத்தில் நின்றான்.

கோடு வரவில்லை. அவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு பேருந்து நிற்கிற அளவு இடம் இருந்தது.

குனிந்து தன் காலைப் பார்த்தான். நிமிர்ந்து கோட்டைப் பார்த்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் வாயில் விசிலோடு நிற்கிற கிழவரையும் பார்த்தான். வா என்று மாஸ்டர் கை காட்டினார். இன்னும் கொஞ்சம்தான், வந்துவிடு என்று தலையை ஆட்டினார். விசிலுக்குள் மூச்சு போகவில்லை.

கொக்கு தலையை ஆட்டவில்லை. தளத்தை விட்டுப் புல்லில் இறங்கி, கோட்டை மிதிக்காமல் ஓரமாக நடந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மகள் இருக்கிற பக்கம் போனான்.

தூறல் விழ ஆரம்பித்தது. காலியான கடைசித் துண்டுப் பாதையில் துளிகள் ஒவ்வொன்றாகப் பட்டு, உறிஞ்சப்படாமல் அப்படியே நின்றன.